பிஜி சீட்டுக்கு ஏன் நேர்காணல் இல்லை?

காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் 'பிஜி' என்று போர்டு தொங்கினால் அது ஐடி பசங்கள் தங்கும் பேயிங் கெஸ்ட். அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் இளம் டாக்டரிடம் 'பிஜி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். போரூர் பக்கம் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., பூந்தமல்லியைத் தாண்டினால் தண்டலத்தில் சவீதா என்று சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ள ஊர் இது. அதனால் நமக்கு அக்கம்பக்கத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேற்படிப்புக்குத் தயாராகும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. அப்படி ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்புகளுக்குக் காரணம். "அண்ணா, அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு இன்டர்வியூ வைத்துத்தான் எடுக்கிறார்கள். இங்கே நீ யார் என்று ஒரு வார்த்தை கூடக் கேட்பதில்லையே, ஏன்?"

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஓர் அல்காரிதம் இருக்கிறது, சில நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன, நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சண்டையும் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்காணல் வேண்டுமா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, வரிசையை யார், எந்த விதியின்படி கட்டுகிறார்கள் என்பது.

இங்கே என்ன நடக்கிறது

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர். அதற்குப் பிறகு எம்.டி. அல்லது எம்.எஸ்., மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தைத்தான் அமெரிக்கப் பேச்சில் ரெசிடென்சி என்பார்கள். எந்தத் துறை கிடைக்கிறதோ அதுதான் ஆயுசுக்கும். குழந்தை மருத்துவம் வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு மயக்க மருந்தியல் கிடைத்தால் முப்பது வருஷ வாழ்க்கை வேறு மாதிரி போகும். இதைத் தீர்மானிப்பது நீட் பிஜி. மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 800. முடிந்ததும் கையில் ஓர் எண் வரும். அவ்வளவுதான்.

அந்த எண்ணோடு இரண்டு வரிசைகளில் நிற்கலாம். அரசுக் கல்லூரிகளின் பிஜி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, டெல்லியில் உள்ள எம்.சி.சி. நடத்தும் கலந்தாய்வு. மீதிப் பாதி மாநிலத்துக்கு. நமக்கு கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் எம்.சி.சி.தான் கலந்தாய்வு நடத்துகிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களில் இட ஒதுக்கீடு உண்டு. மாநில வரிசையில் நம்முடைய 69 சதவீதம், அகில இந்திய வரிசையில் 2021-22 முதல் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். இந்தப் பிரிவுகளுக்குள் விதி ஒன்றே ஒன்றுதான்: ரேங்க்கில் முன்னால் இருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார். துறைத் தலைவர் மாணவரைப் பார்ப்பது சேர்ந்த அன்றைக்குத்தான்.

என் வயது இன்ஜினியர்களுக்கு இது புதுசு இல்லை. 1997-ல் ஆரம்பித்த அண்ணா பல்கலைக்கழக ஒற்றைச் சாளர கவுன்சிலிங்கில் திரையில் காலி இடங்களைக் காட்டுவார்கள், நம் முறை வந்ததும் ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அதே கதைதான்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது

அங்கே விண்ணப்பம் போட்டதும் ஒவ்வொரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டமும் முதலில் சலிக்கும். தேர்வு மதிப்பெண், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், கல்லூரி முதல்வர் அலுவலகம் எழுதும் மதிப்பீடு, ஏன் இந்தத் துறை என்று நாமே எழுதும் ஒரு பக்கக் கட்டுரை எல்லாம் பார்ப்பார்கள். நம்மைப் போல வெளிநாட்டில் படித்தவர்களுக்கு விசா ஒரு தனி சல்லடை. 2022 ஜனவரியிலிருந்து 'ஸ்டெப் 1' தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமே. அதனால் அடுத்த தேர்வான 'ஸ்டெப் 2'-ன் கனம் கூடிவிட்டது.

சல்லடையில் தங்கியவர்களுக்கு நேர்காணல். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில்தான். பாடக் கேள்விகள் குறைவு. "சிகிச்சையில் உங்களுக்குச் சறுக்கிய ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்", "சீனியரோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்", "எங்கள் மருத்துவமனை ஏன்" என்கிற மாதிரி. ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டில் இவரோடு வேலை பார்க்க முடியுமா என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். எல்லாம் முடிந்ததும் திட்டத்தினர் உட்கார்ந்து தங்களுக்குப் பிடித்த வரிசையில் ஒரு பட்டியல் போடுவார்கள். மாணவரும் தனக்குப் பிடித்த வரிசையில் ஒன்று போடுவார். இரண்டு பக்கப் பட்டியல்களையும் கணினி பொருத்தும். இதுதான் 'மேட்ச்'. மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு வரும். வருஷத்துக்கு 40,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இப்படி நிரம்புகின்றன.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பது சுவாரசியமான கதை. 1940-களில் மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிடிக்கப் போட்டி போட்டு, படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே இடம் தர ஆரம்பித்துவிட்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மாணவர் விவரங்களைத் தருவதில்லை என்று கல்லூரிகள் தடுத்தபோது சிக்கல் வேறு உருவம் எடுத்தது. "இடம் தருகிறோம், இன்றைக்கே பதில் சொல்" என்று மருத்துவமனைகள் நெருக்கின. இன்னொரு நல்ல இடத்துக்குக் காத்திருக்கும் மாணவர் என்ன செய்வார்? இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக 1952-ல் மையப்படுத்திய பொருத்தம் வந்தது. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் தனியாக ஒரு முறையை எழுதினார்கள். மருத்துவமனைகள் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்ததும் அடிப்படையில் அதுவேதான் என்று 1984-ல் ஆல்வின் ராத் காட்டினார். 2012-ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

அல்காரிதம், மூன்று பேரை வைத்து

கவிதா, சலீம், ஜெனி மூன்று டாக்டர்கள். அ, ஆ, இ மூன்று மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இடம்.

கவிதாவின் விருப்பம்: அ, ஆ, இ.
சலீமின் விருப்பம்: அ, இ, ஆ.
ஜெனியின் விருப்பம்: ஆ, அ, இ.

மருத்துவமனை அ-வின் பட்டியல்: ஜெனி, சலீம், கவிதா. ஆ-வின் பட்டியல்: கவிதா, ஜெனி, சலீம். இ-க்கு யார் வந்தாலும் சம்மதம்.

முதல் சுற்றில் கவிதாவும் சலீமும் அ-வைக் கேட்கிறார்கள், ஜெனி ஆ-வைக் கேட்கிறார். அ தன் பட்டியல்படி சலீமைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு கவிதாவை அனுப்பிவிடுகிறது. கவிதா தன் அடுத்த விருப்பமான ஆ-வுக்குப் போகிறார். ஆ-வுக்கு ஜெனியைவிடக் கவிதா மேல், எனவே ஜெனி வெளியே. ஜெனி அ-வுக்குப் போகிறார். அ-வுக்குச் சலீமைவிட ஜெனி மேல், சலீம் வெளியே. சலீம் இ-க்குப் போகிறார். முடிவு: ஜெனி அ, கவிதா ஆ, சலீம் இ.

கடைசி வரை யாருடைய இடமும் உறுதி இல்லை, எல்லாமே தற்காலிகம். இங்கேதான் சூட்சுமம். முடிவு வந்த பிறகு பாருங்கள். கவிதாவுக்கு அ மேல் ஆசை, ஆனால் அங்கே அ அதிகம் விரும்பிய ஆள் இருக்கிறார். சலீமுக்கும் அப்படியே. "எனக்கு அந்த இடம் பிடிக்கும், அவர்களுக்கும் இப்போது இருப்பவரைவிட என்னைப் பிடிக்கும்" என்று சொல்லக்கூடிய ஜோடி ஒன்றுகூட மிச்சமில்லை. இதை நிலைத்த பொருத்தம் என்கிறார்கள். 1998 முதல் அமெரிக்க மேட்ச், இந்த எடுத்துக்காட்டில் உள்ளபடி மாணவர் பக்கத்திலிருந்து கேட்க ஆரம்பிக்கிறது. இப்படி ஆரம்பித்தால் மாணவர் தந்திரம் செய்து லாபம் பார்க்க வழி இல்லை. உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதுதான் நல்லது.

அப்படியானால் நேர்காணல் நல்லதா?

எனக்கு முதலில் நல்லதாகத்தான் பட்டது. நோயாளியோடு பேசத் தெரியாத ஆளை 200 கேள்விகள் கண்டுபிடிக்காது. ஆனால் நேர்காணல் கண்டுபிடிக்கிறதா?

1979-ல் டெக்சாஸில் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. இது ரெசிடென்சிக்கு முந்தைய கட்டம், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை. ஹூஸ்டனில் உள்ள கல்லூரி சுமார் 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களிலிருந்து 150 பேரை எடுத்தது. அப்புறம் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் நல்ல வரிசையில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தவர்களைத்தான் எடுக்க முடிந்தது. பிறகு இரண்டு குழுவையும் படிப்பு, வார்டு வேலை, படிப்பு முடித்த பிறகு முதல் வருஷப் பயிற்சி வரை ஒப்பிட்டார்கள். வித்தியாசமே இல்லை. நேர்காணல் செய்தவர்கள் தங்களுக்கு ஆளைத் தெரிகிறது என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் இன்னொரு பயம் உண்டு. நேர்காணல் என்றால் கதவு சாத்திய அறை. அந்த அறைக்குள் பேரம், சாதி, சிபாரிசு எல்லாம் நுழையும். தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். எண்ணை மட்டும் பார் என்று சமூகம் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற பெயர் வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சேவை. அங்கே எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் வைத்து, கிராமப்புற மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டவர்களைத் தேடி எடுக்கும் மரபு பல பத்தாண்டுகள் இருந்தது. நீட் கட்டாயமானபோது, எங்கள் முறையில்தான் எடுப்போம் என்று நீதிமன்றம் போனார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி நீட்டை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. 2017-ல் சி.எம்.சி. தன் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்தது. 99 இடங்கள் காலி. கடைசியாக 2020 ஏப்ரல் 29 அன்று, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அவர்கள் நேர்காணலில் தேடியது பேச்சுத் திறமையை மட்டும் அல்ல, சிறிய ஊரில் போய் இருப்பாரா என்பதை.

நம் வரிசையில் எங்கே ஓட்டை

சரி, எண் மட்டும்தான் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் நம் பொருத்தம் அமெரிக்க மேட்ச்சைவிட எளிதாக இருக்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளின் விருப்பப் பட்டியலும் ஒன்றே, நீட் ரேங்க். அப்போது கேல்-ஷேப்லி முறை, முன்னால் நிற்பவர் முதலில் எடுக்கும் சாதாரண வரிசையாகச் சுருங்கிவிடும். ஒரே சுற்றில் முடியும், யாருக்கும் மனக்குறை வராது.

ஆனால் வருகிறது. காரணம், இரண்டு வரிசைகள் தனித்தனியாக ஓடுகின்றன, ஒரே ஆள் இரண்டிலும் நிற்கிறார். கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு. ரேங்க் 5,000 எடுத்த பெண்ணுக்குப் பொது மருத்துவம் வேண்டும். இரண்டாம் சுற்றில் அது கிடைக்காமல் வேறு துறையில் சேர்ந்து, விதிப்படி அங்கேயே கட்டுப்பட்டுவிட்டார். பிறகு இன்னொருவர், இதுவரை பிடித்து வைத்திருந்த பொது மருத்துவ இடத்தை விட்டுவிட்டு மற்ற வரிசையில் கிடைத்த இடத்துக்குப் போகிறார். காலியான அந்த இடம் கடைசிச் சுற்றுக்கு வருகிறது, ரேங்க் 9,000 எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். யாரும் ஏமாற்றவில்லை. விதிதான் இப்படிச் செய்தது.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. 2021 நீட் பிஜி கலந்தாய்வில் மாப்-அப் சுற்றுக்கு 146 புது இடங்கள் வந்தன. முன் சுற்றுகளில் சேர்ந்த நல்ல ரேங்க் காரர்களுக்கு அவற்றைக் கேட்க உரிமை இல்லை. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றையே ரத்து செய்து, அந்த 146 இடங்களுக்குத் தனிச் சுற்று நடத்தச் சொன்னது. அதே வருஷம் ஜூன் மாதம் 1,456 இடங்கள் காலியாகக் கிடந்தன, இன்னொரு சுற்று நடத்த நீதிமன்றம் மறுத்தது. ஒரு பக்கம் இடம் இல்லாமல் தவிப்பு, மறு பக்கம் காலி இடங்கள். காலியானவற்றில் பெரும்பகுதி நோயாளியை நேரடியாகப் பார்க்காத துறைகளில். 2023 செப்டம்பரில் தகுதிச் சதமானத்தைச் சுழியாக்கினார்கள். தேர்வு எழுதிய எல்லோரும், சுழிக்குக் கீழே எடுத்தவர்கள் உட்பட, கலந்தாய்வுக்குத் தகுதி.

2025-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இந்த இடம் பிடித்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி விரிவாகத் தீர்ப்பு எழுதியது. அகில இந்திய, மாநிலச் சுற்றுகளுக்கு ஒத்திசைந்த கால அட்டவணை, கட்டணத்தை முன்கூட்டியே வெளியிடுவது, இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஏற்கெனவே சேர்ந்தவர்கள் மேம்படுத்திக்கொள்ள வாய்ப்பு, இடம் பிடித்து வைப்பவர்களுக்குத் தண்டனை, மூல மதிப்பெண்களையும் விடைக்குறிப்பையும் வெளியிடுவது என்று பல உத்தரவுகள். படித்தபோது ஒரு பிழை அறிக்கையைப் படிப்பது போலவே இருந்தது.

இந்தப் பிழைக்கு மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. ஐஐடிகளும் என்ஐடிகளும் தனித்தனியாக இடம் ஒதுக்கியபோது இதே தலைவலி இருந்தது. 2015 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே விருப்பப் பட்டியல், ஒரே பொருத்தம். அடியில் ஓடுவது கேல்-ஷேப்லி வகை அல்காரிதம்தான். இட ஒதுக்கீட்டு விதிகளும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவத்தில் மாநிலத்தின் உரிமை மாநிலத்திடமே இருக்கட்டும், அதன் இடங்களுக்கு அதன் விதி. ஆனால் மாணவர் ஒரே பட்டியல் தந்தால் போதும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பொருத்தலாம்.

தமிழ்நாடு கண்டுபிடித்த நேர்காணல்

எண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணோடு எப்படிச் சேர்ப்பது? தமிழ்நாட்டின் பதில், பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்த மருத்துவர்களுக்குப் பிஜி இடங்களில் பாதி. படித்து முடித்ததும் அவர்கள் அரசுப் பணிக்கே திரும்புவார்கள். நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நள்ளிரவில் பிரசவம் பார்க்கும் நிபுணர் இருக்கிறார் என்றால் அதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

அகில இந்திய மருத்துவ கவுன்சிலின் 2000-ம் ஆண்டு விதிமுறை இதை ஏற்கவில்லை. பட்டயப் படிப்பில்தான் பாதி ஒதுக்கலாம், பட்டப் படிப்புக்கு என்றால் எட்டாத பகுதியில் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் தரலாம் என்றது. 2017-ல் நம் ஒதுக்கீடு போயிற்று. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது.

இதை நான் இரண்டு வருஷ நேர்காணல் என்றுதான் பார்க்கிறேன். இருபது நிமிஷம் சிரித்த முகத்தோடு பேச யாராலும் முடியும். பாம்புக்கடி, பிரசவம், சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் ஒரே காலையில் வந்து நிற்கும் நிலையத்தில் வருஷக்கணக்கில் நடிக்க முடியாது. சிபாரிசுக்கும் இடம் குறைவு, பணிப்பதிவேடு சாட்சி.

சங்கடம் இல்லாமல் இல்லை. அரசு வேலை கிடைக்காத நல்ல மாணவருக்கு மாநில வரிசையில் இடம் பாதியாகிறது. எந்த ஊர் எட்டாத பகுதி என்று வரையறுப்பதும் சண்டைதான். 2025 ஜனவரி 29 அன்று, பிஜி இடங்களில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாநிலம் தன் செலவில் கட்டிய கல்லூரியின் இடங்களைத் தன் மக்களின் தேவைக்கு இணைக்க மிஞ்சியிருக்கும் வலுவான கயிறு இந்தப் பணி ஒதுக்கீடு. அதனால்தான் இது வெறும் டாக்டர்களின் பதவி உயர்வு விஷயம் இல்லை என்கிறேன்.

இந்த வருஷம் பட்டியல் நிரப்பப் போகிறவர்களுக்கு

உங்கள் விருப்பப் பட்டியலை உண்மையாக, நீளமாகப் போடுங்கள். "இந்த ரேங்க்குக்கு இது எங்கே கிடைக்கப் போகுது" என்று மேலே உள்ளதை நீக்காதீர்கள். கிடைக்காத இடத்தை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் சேர விருப்பமே இல்லாத இடத்தைப் பட்டியலில் வைக்காதீர்கள், பிந்தைய சுற்றில் அது கிடைத்தால் அதுவே உங்களைக் கட்டிப்போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் விலகும் விதி வேறு, வருஷத்துக்கு வருஷம் மாறவும் செய்யும். அந்த வருஷத்துத் தகவல் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அகில இந்திய அட்டவணையையும் மாநில அட்டவணையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைகளையும் ஒரே இடத்தில் பார்க்கும் வேலையை அரசாங்கக் கணினி செய்ய வேண்டும். அது வரைக்கும் அந்த வேலை நம்முடையதுதான்.